எஞ்சின் டியூனிங் செய்தால் கார் வாரண்டி என்ன ஆகும்?

சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று கொல்லம் – திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை நெடுகிலும் இன்று பல குடும்பங்களில் சொந்தக் கார் இருக்கிறது. வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணத்திலோ, பல ஆண்டுச் சேமிப்பிலோ, மாதத் தவணையிலோ வாங்கிய கார் அது. வீட்டுக்கு அடுத்தபடியாக நாம் பெரும் தொகை போட்டு வாங்கும் பொருள் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

அந்தக் காரை வீட்டுப் பிள்ளைகள் ஓட்டத் தொடங்கியதும் ஒரு பேச்சு வருகிறது. "எஞ்சினை ரீமேப் பண்ணினால் பிக்கப் கூடும், மைலேஜும் கூடும், ஒரு மணி நேர வேலைதான்" என்பார்கள். வீட்டார் ஐந்து பேரையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு புளியரை எஸ் வளைவில் ஏறும்போது கார் திணறினால் அந்த ஆசை இன்னும் கூடும். ஆனால் அந்த ஒரு மணி நேர வேலையால் வாரண்டியும் காப்பீடும் சட்டப் பாதுகாப்பும் என்ன ஆகும் என்பதை விசாரிப்பவர்கள் குறைவு. அதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

முதலிலேயே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். டியூனிங் செய்ததாலேயே காரின் மொத்த வாரண்டியும் ரத்தாகிவிடும் என்று நியாயமாகச் சொல்ல முடியாது. ஆனால் எஞ்சின், டர்போ, கிளட்ச், கியர்பாக்ஸ் போன்ற விலை உயர்ந்த பாகங்கள் கெட்டால் அந்தச் செலவு நம் தலையில் விழ எல்லா வாய்ப்பும் உண்டு.

டியூனிங் என்றால் என்ன?

இன்றைய கார்களில் எஞ்சினை இயக்குவது ஒரு சிறிய கணினி. அதை இசியு என்பார்கள். எவ்வளவு காற்று உள்ளே வருகிறது, எஞ்சின் எவ்வளவு சூடாக இருக்கிறது, ஓட்டுநர் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறார் என்பதையெல்லாம் சென்சார்கள் மூலம் அறிந்து, எந்த நொடியில் எவ்வளவு டீசல் அல்லது பெட்ரோல் தெளிக்க வேண்டும், டர்போ எவ்வளவு அழுத்தம் கொடுக்க வேண்டும் என்று அது முடிவு செய்கிறது. இதற்கான அட்டவணைகள் அதனுள் பதிவாகியிருக்கும். அந்த அட்டவணைகளை மாற்றி எழுதுவதுதான் ரீமேப்.

சந்தையில் டியூனிங் என்ற பெயரில் நான்கு விதமான வேலைகள் நடக்கின்றன.

1. ரீமேப்: இசியுவின் மென்பொருளையே மாற்றுவது.

2. டியூனிங் பெட்டி: சென்சாருக்கும் இசியுவுக்கும் நடுவே ஒரு பெட்டியை இணைப்பது. டீசல் காரில் எரிபொருள் அழுத்தம் குறைவாக இருப்பதுபோல் இது இசியுவுக்குப் பொய்த் தகவல் கொடுக்கும். அதை நம்பி இசியு அழுத்தத்தைக் கூட்டும்.

3. ஆக்சிலேட்டர் பெட்டி: பெடலின் சமிக்ஞையை மட்டும் வேகப்படுத்துவது. கால் வைத்ததும் கார் பாய்வதுபோல் தோன்றும். உண்மையில் எஞ்சினின் சக்தி ஒரு துளியும் கூடுவதில்லை.

4. பாகங்களை மாற்றுவது: ஏர் ஃபில்டர், சைலன்சர், டர்போ போன்றவற்றை மாற்றுவது. புகை வடிகட்டியைக் கழற்றிவிடுவதும் இதில் சேரும்.

டர்போ உள்ள டீசல் கார்களில் ரீமேப் மூலம் 20 முதல் 30 சதவீதம் வரை சக்தி கூட்டலாம் என்று விற்பவர்கள் சொல்வது பொதுவாக உண்மையே. டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் காரில் சில சதவீதத்துக்கு மேல் எதுவும் கிடைக்காது. அப்படிப்பட்ட காருக்குப் பணம் செலவழிப்பது வீண்.

கம்பெனியே ஏன் அந்தச் சக்தியைத் தரவில்லை?

நல்ல கேள்வி இது. நம் சாலைகளில் அதிகம் ஓடிய 1248 சிசி டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஃபியட் வடிவமைத்த அதே எஞ்சின் மாருதி ஸ்விஃப்டில் சுமார் 75 குதிரைத்திறனும், சியாஸில் சுமார் 90 குதிரைத்திறனும் தந்தது. "ஒரே எஞ்சின்தானே, மென்பொருளை மாற்றினால் ஸ்விஃப்டும் சியாஸ் ஆகிவிடும்" என்று பலர் நினைத்தார்கள். ஆனால் 90 குதிரைத்திறன் எஞ்சினில் டர்போவே வேறு வகை. மென்பொருளை மாற்றலாம், அதற்கேற்ற இரும்பு உள்ளே இருக்க வேண்டுமே!

கம்பெனி எஞ்சினில் ஓர் இருப்பை விட்டுவைக்கிறது. தரம் குறைந்த எரிபொருள், சித்திரை வெயில், தாமதமான ஆயில் மாற்றம், அளவுக்கு மீறிய பாரம், மலையேற்றம் ஆகிய எல்லாவற்றையும் தாங்கி எஞ்சின் பல ஆண்டுகள் ஓட வேண்டும் என்பதற்காக விடப்படும் இருப்பு அது. ரீமேப் செய்பவர் அந்த இருப்பைத்தான் எடுத்துச் செலவு செய்கிறார். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது, வெளியேறும் புகையின் வெப்பம் கூடுகிறது, டர்போ வேகமாகச் சுழல்கிறது, கிளட்சும் கியர்பாக்ஸும் தங்கள் அளவுக்கு மீறிய இழுவையைச் சுமக்கின்றன. பாதிப்பு மறுநாளே தெரியாது. கிளட்ச் வழுக்குவதில் தொடங்கி, டர்போவில் ஆயில் கசிவது, பிஸ்டன் பாதிப்பது என்று மாதக்கணக்கில் மெல்ல வெளிப்படும்.

வாரண்டி எதை ஏற்கிறது, எதை ஏற்பதில்லை?

வாரண்டி என்பது தயாரிப்பிலோ மூலப்பொருளிலோ உள்ள குறையை, குறிப்பிட்ட காலத்துக்குள் அல்லது கிலோமீட்டருக்குள், இலவசமாகச் சரிசெய்து தருவதாகக் கம்பெனி எழுதித் தரும் ஒப்பந்தம். மாருதி தன் வாரண்டியை 2024 ஜூலை முதல் 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் என்று உயர்த்தியது. காருக்குக் கார் இது மாறும். நம் காருடன் வந்த கையேட்டில் இருப்பதே நமக்கு இறுதியானது.

அந்தக் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் "பொருந்தாதவை" என்ற பட்டியல் இருக்கும். காரின் அமைப்பை மாற்றியதால் வரும் பழுது, கம்பெனி ஒப்புதல் இல்லாத பாகத்தால் வரும் பழுது, பந்தயத்துக்குப் பயன்படுத்தியதால் வரும் பழுது ஆகியவற்றை ஏற்பதில்லை என்று பொதுவாக அங்கே எழுதியிருப்பார்கள். கூடுதல் பணம் கட்டி வாங்கும் நீட்டிப்பு வாரண்டியிலும் இதே நிபந்தனை வரும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, கெட்டுப்போன பாகத்துக்கும் டியூனிங்குக்கும் தொடர்பு உண்டா என்பதுதான்.

தொடர்பு தெளிவாக உள்ளவை: டர்போ, இன்ஜெக்டர், எரிபொருள் பம்ப், பிஸ்டன், ஹெட் கேஸ்கெட், கிளட்ச், கியர்பாக்ஸ், புகை வடிகட்டி, இசியு. இவற்றில் எது கெட்டாலும் கம்பெனி வாரண்டியை மறுக்க வலுவான காரணம் இருக்கிறது.

தொடர்பே இல்லாதவை: கதவுக் கண்ணாடி மோட்டார், ஏசி கூலிங் காயில், இருக்கை பெல்ட், பெயின்ட், மியூசிக் சிஸ்டம். ரீமேப்பைக் காரணம் காட்டி இவற்றை மறுப்பது நியாயமில்லை. நாம் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

நமக்குச் சாதகமான ஓர் உத்தரவு

இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்கள் மீது ஒரு முக்கிய உத்தரவைப் பிறப்பித்தது. உதிரிப் பாகங்களையும் பழுதுபார்க்கும் தகவல்களையும் வெளி ஒர்க்‌ஷாப்களுக்குத் தராமல் சந்தையை முடக்கியதாகக் கூறி, மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதே உத்தரவில், வெளி மெக்கானிக்கிடம் வேலை பார்த்தார் என்பதற்காக மட்டும் மொத்த வாரண்டியும் ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக்கூடாது, வெளியே செய்த தவறான வேலையால் வந்த சேதத்தின் அளவுக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம் என்றும் கூறியது. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன.

சிவகிரியில் இருப்பவருக்கு இதன் பயன் என்ன? கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு ராஜபாளையமோ தென்காசியோ திருநெல்வேலியோ போக வேண்டியிருக்கும். அவசரத்துக்கு உள்ளூர் மெக்கானிக்கிடம் பிரேக் பேடு மாற்றிய ஒரே காரணத்துக்காக, எஞ்சின் வாரண்டியே போய்விட்டது என்று யாராவது சொன்னால் அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனாலும் கையேட்டில் சொன்ன கால இடைவெளியில் சர்வீஸ் செய்திருக்க வேண்டும். பில்லும் நம்மிடம் இருக்க வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த உத்தரவு பேசியது பழுதுபார்ப்பைப் பற்றி. எஞ்சினின் சக்தியை மாற்றுவது பழுதுபார்ப்பு ஆகாது. அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்–மாஸ் வாரண்டிச் சட்டத்தைக் காட்டிப் பலர் வாதிடுவதை யூடியூபில் பார்த்திருப்பீர்கள். அது அமெரிக்கச் சட்டம். நம் ஊர் ஷோரூமில் அது செல்லாது.

கம்பெனிக்கு எப்படித் தெரியும்?

"சர்வீஸுக்கு விடும் முன் பழைய மென்பொருளை ஏற்றிவிடலாம், யாருக்கும் தெரியாது" என்பது டியூனிங் விற்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல். இதை நம்பி ஏமாறாதீர்கள்.

இசியுவில் உள்ள மென்பொருளுக்கு ஓர் அடையாள எண்ணும், அதைச் சரிபார்க்கும் கணக்கீட்டு எண்ணும் உண்டு. மென்பொருளில் சிறு மாற்றம் செய்தாலும் அந்தக் கணக்கு ஒத்துப்போகாது. பல கார்களில் எத்தனை முறை மென்பொருள் எழுதப்பட்டது என்று எண்ணும் பதிவும் இருக்கிறது. பழையதையே திரும்ப ஏற்றினாலும் அந்த எண்ணிக்கை கூடிவிடும். டியூனிங் பெட்டியைக் கழற்றினாலும் அளவுக்கு மீறிய அழுத்தத்தால் பதிவான பிழைக் குறியீடுகள் உள்ளே தங்கியிருக்கலாம். டர்போ, எஞ்சின் போன்ற பெரிய கோரிக்கைகள் வரும்போது ஒப்புதலுக்கு முன் இந்தத் தகவல்களைக் கம்பெனி கேட்டு வாங்கிப் பார்க்கும். ஃபோக்ஸ்வாகன் குழுமம் டியூனிங் செய்யப்பட்டதாகக் கண்டறியும் கார்களைத் தன் தரவுத்தளத்தில் "டிடி1" என்று குறித்து வைப்பது அமெரிக்காவில் அக்கார்களை வைத்திருக்கும் ஆர்வலர்களிடையே பேசப்படும் விஷயம்.

இதில் நம் மார்க்கம் சார்ந்த ஒரு பக்கமும் இருக்கிறது. வாரண்டி என்பது இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஓர் உடன்படிக்கை. நாமே செய்த மாற்றத்தால் எஞ்சின் கெட்டிருக்க, மாற்றத்தை அழித்துவிட்டு "தானாகக் கெட்டது" என்று கையெழுத்துப் போட்டு இலவசமாகப் பாகம் வாங்குவது சாமர்த்தியம் ஆகாது. அது பொய் சொல்லி அடுத்தவர் பொருளை எடுப்பதே. எதிரே இருப்பது பெரிய கம்பெனி என்பதால் அது ஆகுமானதாகிவிடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

கம்பெனி குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் உரிமையாளர் வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு. கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில், கம்பெனியின் வடிவமைப்புக்கு மாறான மாற்றங்களை அனுமதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 அன்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சிஎன்ஜி, எல்பிஜி கிட் பொருத்துவதற்கு விதிமுறை இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட கிட்டைப் பொருத்தி, ஆர்டிஓ அலுவலகத்தில் காட்டி, ஆர்சி புத்தகத்தில் ஏற்ற வேண்டும். அப்போதும் எஞ்சின் வாரண்டியைப் பற்றிக் கம்பெனியிடம் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தத் தண்டனை உரிமையாளருக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். நம் பகுதியில் பல கார்களின் ஆர்சி தந்தையின் பெயரில் இருக்கிறது. அவர் சவூதியிலோ துபாயிலோ இருப்பார். காரை ஓட்டுவது மகன். மகன் நண்பர்களோடு போய்ச் செய்த மாற்றத்துக்குச் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியவர் தந்தை. தவணை கட்டுபவரும் அவர்தான். அவருக்குத் தெரியாமல் அவர் பொருளில் கை வைப்பது அமானிதத்துக்கு மாறானது என்பதைப் பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

புளியரை தாண்டிக் கேரளாவுக்குள் அடிக்கடி போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே மோட்டார் வாகனத் துறை மாற்றியமைத்த வண்டிகள் மீது கடும் நடவடிக்கை எடுக்கிறது. 2021 ஆகஸ்டில் கண்ணூரில் பிரபல யூடியூபர்களின் வேன் இதே காரணத்துக்காகப் பறிமுதல் செய்யப்பட்டது. சைலன்சர், சக்கரம் போன்ற மாற்றங்கள் கண்ணுக்குத் தெரியும். மென்பொருள் மாற்றம் தெரியாது. ஆனால் பெரிய விபத்து நடந்து வண்டி ஆய்வுக்குப் போனால் அதுவும் வெளிவரலாம்.

புகையையும் மறந்துவிடக் கூடாது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பிஎஸ்6 விதி நடைமுறையில் இருக்கிறது. எரிபொருளைக் கூட்டித் தெளித்தால் கரும்புகை கூடும், புகை வடிகட்டி அடைக்கும். அதைக் கழற்றிவிட்டால் அந்த நச்சுக் காற்றைச் சுவாசிப்பவர்கள் நம் தெருக் குழந்தைகளே. ஃபோக்ஸ்வாகன் நிறுவனமே மென்பொருள் மூலம் புகைச் சோதனையை ஏமாற்றியதாக 2015-இல் மாட்டிக்கொண்டு, இந்தியாவில் மட்டும் 3 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்ததை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

காப்பீடு கைகொடுக்குமா?

"வாரண்டி போனால் என்ன, இன்சூரன்ஸ் இருக்கிறதே" என்று சிலர் நினைக்கிறார்கள். இது தவறு. கார் காப்பீடு விபத்து, தீ, திருட்டு, வெள்ளம் போன்றவற்றுக்கானது. எஞ்சின் தானாகக் கெடும் இயந்திரப் பழுதை வழக்கமான பாலிசி ஏற்பதில்லை. ஆக வாரண்டியும் மறுத்து, காப்பீடும் பொருந்தாமல் போனால் முழுச் செலவும் நம்முடையது. டர்போவோ எஞ்சினோ மாற்ற வேண்டி வந்தால் அது லட்சத்தைத் தொடலாம், தாண்டலாம்.

விபத்துக் கோரிக்கையிலும் சிக்கல் உண்டு. வண்டியில் செய்த மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் மறைத்திருந்தால், அதைக் காரணம் காட்டி நம் காருக்கான இழப்பீட்டை மறுக்கவோ குறைக்கவோ முயல்வார்கள். எந்த மாற்றம் செய்தாலும் எழுத்து மூலம் தெரிவித்துப் பதில் வாங்கி வைப்பது அவசியம்.

பழைய கார் வாங்கும்போதும் விற்கும்போதும்

விற்பவர் ரீமேப் செய்திருந்தால் அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும். பொருளின் குறையை மறைத்து விற்பதை மார்க்கம் எவ்வளவு வன்மையாகக் கண்டிக்கிறது என்பதை நாம் அறிவோம். கண்ணுக்குத் தெரியாத குறை என்றால் சொல்ல வேண்டிய பொறுப்பு இன்னும் கூடுகிறது.

வாங்குபவர் செய்ய வேண்டியவை:

• வண்டி எண்ணைக் கொடுத்துக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் முழு சர்வீஸ் வரலாற்றைக் கேளுங்கள். இடையில் நீண்ட இடைவெளி இருந்தால் காரணம் கேளுங்கள்.

• வாரண்டி மீதமிருந்தால், இசியு மென்பொருள் கம்பெனியுடையதுதானா என்று அங்கேயே சோதிக்கச் சொல்லுங்கள்.

• எஞ்சின் பகுதியில் வெட்டி ஒட்டிய வயர்கள், கூடுதல் இணைப்புகள் உள்ளனவா என்று பாருங்கள்.

• ஏற்றத்தில் உயர் கியரில் முழுதாக மிதித்து ஓட்டிப் பாருங்கள். எஞ்சின் சத்தம் எகிறி, வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது.

• "எஞ்சினில் எந்த மாற்றமும் செய்யவில்லை" என்று விற்பவரிடம் எழுதி வாங்குங்கள்.

வாரண்டியை மறுத்தால் என்ன செய்வது?

வாய்மொழியாகச் சொல்வதைக் கேட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். எந்தப் பாகம், எந்தக் காரணம், அதற்கான ஆதாரம் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். ஜாப் கார்டின் நகலை வாங்குங்கள். கழற்றிய பாகத்தைப் படம் எடுத்து, முடிந்தால் கையில் வாங்கி வையுங்கள். அடுத்து, கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

அதன் பிறகும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே புகார் செய்யலாம். நாம் வசிக்கும் இடத்தின் ஆணையத்திலேயே தாக்கல் செய்யும் உரிமையை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்திருக்கிறது. 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய், 50 லட்சம் வரை 1,000 ரூபாய். பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை.

ஆனால் தயாரிப்புக் குறை என்று சொல்பவர் அதை நிபுணர் அறிக்கையோடு காட்ட வேண்டியிருக்கும். மாற்றம் செய்யாத காருக்கே இது எளிதல்ல. ரீமேப் செய்த எஞ்சினுக்கு, "இது டியூனிங்கால் கெடவில்லை" என்று ஆணையத்தை ஏற்க வைப்பது மிகவும் கடினம்.

அப்படியானால் பிக்கப்புக்கு என்ன வழி?

கார் இழுக்கவில்லை என்று தோன்றினால் முதலில் பழுதைத் தேடுங்கள். அடைத்த ஏர் ஃபில்டர், மாற்றாத டீசல் ஃபில்டர், டர்போ குழாயில் விரிசல், கரி படிந்த வால்வு, தேய்ந்த கிளட்ச், காற்று குறைந்த டயர் ஆகியவற்றில் ஒன்றைச் சரிசெய்தாலே புதுக் கார் போல் இழுக்கும். மலைப்பாதையில் சரியான நேரத்தில் கீழ் கியருக்கு மாற்றுவது எந்த ரீமேப்பையும்விட மலிவானது. கம்பெனி வெளியிடும் மென்பொருள் புதுப்பிப்பு இருந்தால் அதைச் சர்வீஸ் சென்டரில் கேட்டு ஏற்றிக்கொள்ளலாம். வால்வோ நிறுவனம் வெளிநாடுகளில் போல்ஸ்டார் என்ற பெயரில் தானே சக்தியைக் கூட்டிக் கொடுத்து, வாரண்டியையும் தொடர்ந்தது. கம்பெனி பொறுப்பேற்கும் மாற்றத்துக்கும் யாரும் பொறுப்பேற்காத மாற்றத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான். வேகத்தில் ஆர்வமுள்ள இளைஞர்களுக்குக் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே, சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளம் போன்ற இடங்கள் இருக்கின்றன. அதற்கான வண்டி வேறு, குடும்பத்தை ஏற்றிச் செல்லும் வண்டி வேறு.

இவ்வளவுக்குப் பிறகும் டியூனிங் செய்யத்தான் வேண்டும் என்று முடிவு செய்தால், வாரண்டிக் காலம் முடியும் வரை பொறுத்திருங்கள். ஆர்சி யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம் முதலில் சொல்லுங்கள். கம்பெனிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதிக் கேட்டுப் பதில் வாங்குங்கள். அனுமதி கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். டியூனிங் செய்பவரிடம், "எஞ்சின் கெட்டால் செலவை ஏற்பேன்" என்று கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். அவர் தயங்கினால், அந்தத் தயக்கமே நமக்குப் போதுமான பதில்.